லீட் ஆகிவிட்டாயாமே!

அன்புள்ள மாப்ளே,

நீ டீமுக்குத் தலைவனாக, லீட் ஆனது உன் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். வாழ்த்துகள்டா, உனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. இங்கே எல்லாரும் சௌக்கியம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

உன் மூளையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. உன் வாயைப் பற்றித்தான். 'செமிகோலன்' என்று நாம் பட்டப்பெயர் வைத்தவனைக் கேட்டால் அவனே சொல்வான்.

போன வாரம் எங்கள் டீமில் ஒரு பெண் பேப்பர் போட்டுவிட்டாள், அதாவது வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். சின்னப் பெண், டேட்டாபேஸ் விஷயத்தில் அவ்வளவு தெளிவு. சம்பளம் காரணமில்லை. அவள் எழுதுகிற கோடிங்கைப் படித்துத் தப்புப் பார்க்கிற, ரிவ்யூ செய்கிற சீனியர் ஒருவர், "இதுகூடத் தெரியாதா", "உன்னை யார் இன்டர்வியூ எடுத்தது" என்றெல்லாம் மொத்த டீமும் பார்க்கிற இடத்தில் எழுதுவார். அவர் சுட்டிக்காட்டிய தப்புகள் பெரும்பாலும் உண்மையான தப்புகள்தான், அதனால் யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டாள். ஒரு ரிலீஸுக்கு முன்னால், டேட்டாபேஸுக்குப் போகிற புதுக் குவெரி (கட்டளை) ஒன்று டேபிள் முழுவதையும் லாக் செய்து, மற்ற வேலைகளை நிறுத்திவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, சொன்னால் திட்டு விழுமே என்று சொல்லவில்லை. அது அப்படியே நடந்தது. அன்று ராத்திரி முழுக்க நாங்கள் பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்துகிற ப்ரொடக்‌ஷனோடு மாரடித்தோம். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

உடனே நீ ஹாஸ்டல் காலத்து வசனத்தை எடுப்பாய், "லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டித்தானே லினக்ஸை வளர்த்தார்" என்று. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஆரம்பித்த அந்த ஆளே 2018 செப்டம்பரில், அதன் மையப்பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களின் மெயிலிங் லிஸ்டில் மன்னிப்புக் கேட்டாரே, அதைப் படித்தாயா? தன் நடத்தையால் புண்பட்டவர்களிடம், கெர்னல் வேலையையே விட்டு ஓடிப்போயிருக்கக் கூடியவர்களிடம். அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கினார். கெர்னலின் 4.19 பதிப்பை அவருக்குப் பதிலாக, இன்னொரு கெர்னல் டெவலப்பரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் வெளியிட்டார். லினக்ஸுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இன்னொன்று, டெவலப்பர்கள் கோடிங்கைச் சேமித்துவைக்கிற கிட்லேப் தளத்தின் 2017 ஜனவரி 31 விவகாரம். ராத்திரி நேரத்தில் களைத்துப்போன ஓர் ஊழியர், தப்பான சர்வரில் டெலீட் கொடுத்து, சுமார் 300 ஜிபி டேட்டாபேஸில் ஏறக்குறைய எல்லாம் போனது. பேக்கப் தேடினால் ஐந்து வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. கடைசியில் ஆறு மணி நேரத்து டேட்டா திரும்பவே இல்லை. ஆனாலும் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், பிறகு போட்ட அறிக்கையில் அந்த ஆளின் பெயர்கூட இல்லை, "டீம் மெம்பர் 1" அவ்வளவுதான். யார் செய்தான் என்று துரத்தியிருந்தால் பேக்கப் ஓட்டையை யார் வாய்திறந்து சொல்லியிருப்பார்கள்?

அதனால் நீ ரிவ்யூ செய்யும்போது இப்படிச் செய் என்று கேட்டுக்கொள்கிறேன். "ஏன் இப்படி எழுதினாய்" என்று எழுதாதே, "இந்த லிஸ்ட் காலியாக வந்தால் இங்கே என்ன ஆகும்?" என்று கேள். எது கட்டாயம், எது உன் விருப்பம் என்று பிரித்துச் சொல். ஸ்பேஸ், பிராக்கெட்டையெல்லாம் லின்டர் என்கிற தானாகச் சரிபார்க்கும் டூல் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குப்போய் நாற்பது கமெண்ட் போடாதே. அடிப்படையே தப்பாக இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசு. உன் கோடிங்கையும் புதுப் பசங்களைப் பார்க்கச் சொல், தப்புக் கண்டுபிடித்தால் எல்லார் முன்னாலும் நன்றி சொல். இதை நீ செய்தால் அவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடும். அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்கு வெறும் "ஹாய்" அனுப்பிவிட்டுப் போகிற பழக்கத்தை விடுடா, ஜூனியர் பயல் தூங்கவே மாட்டான். விஷயத்தை முழுசாக எழுது, காலையில் அனுப்பு.

அந்தப் பெண் நல்ல இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். உன் டீமில் ஆள் எடுப்பதாக உன் தங்கச்சி சொன்னாள். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு அவள் ரெஸ்யூமை அனுப்பட்டுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
மச்சான்