விளக்கு சரி, சுவர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் வீட்டு அலங்காரக் கட்டுரையில், 1950-களின் பாணியில் செய்த, கை நீண்டு மடங்கும் சுவர் விளக்கைப் பக்கம் முழுக்கப் புகழ்ந்திருந்தீர்கள். பித்தளை நிறம், கருப்புக் குடை, சோபாவுக்கு மேலே அது தரும் 'லுக்', எல்லாம் சரி. அந்தக் கை எதற்காக இருக்கிறது, எந்தச் சுவரில் எப்படி மாட்டுவது என்று ஒரு வரிகூட இல்லையே!

இந்த வகையில் பேர் பெற்ற ஒன்று, பிரான்ஸின் ழான் புருவே வடிவமைத்த 'பொட்டான்ஸ்'. இரும்புப் பட்டறையில் தொழில் பழகிய மனிதர் அவர். வெப்ப நாடுகளுக்கென்று, பாகம் பாகமாகக் கொண்டுபோய்ப் பூட்டும்படி அவர் செய்த உலோக வீட்டுக்காக யோசித்த விளக்கு அது. அந்த வீட்டின் மாதிரிகள் 1949-இல் நைஜரின் நியாமேயிலும், 1951-இல் காங்கோவின் பிராஸவில்லிலும் நிறுவப்பட்டன. விளக்கில் அலங்காரம் என்று ஒன்றுமே கிடையாது. இரண்டு மீட்டருக்கு மேல் நீளும் மெல்லிய குழாய், நுனியில் குடைகூட இல்லாத ஒரு பல்பு, குழாயைத் தாங்க மேலிருந்து சாய்வாக ஒரு கம்பி, அவ்வளவுதான். தரையில் துளி இடம் அடைக்காமல் வெளிச்சத்தை மேசைப் பக்கமோ கட்டில் பக்கமோ தள்ளிக்கொள்ளலாம்.

அந்தச் சாய்வுக் கம்பிதான் விஷயமே. நம் கடைகளில் கிடைக்கிற விளக்குகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை, பாரம் மொத்தமும் சுவரில் பதிக்கும் சின்னத் தகட்டின் மேல்தான் விழுகிறது. அரை கிலோ குடை 60 செ.மீ. தள்ளித் தொங்குகிறது, தகட்டின் இரண்டு திருகுகளுக்கு நடுவே 8 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்திருகை ஏறக்குறைய நாலு கிலோ வெளியே பிடித்து இழுக்கும், படிக்கும்போது நாம் குடையைக் கீழே இழுத்தால் இன்னும் கூடும். பழைய செங்கல் சுவர் இதைத் தாங்கிவிடும். இப்போது அடுக்ககங்களில் கட்டுகிற ஏஏசி பிளாக் (உள்ளே நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவரில், திருகைப் பிடித்துக்கொள்ளச் செங்கல்லில் ஓட்டைக்குள் போடும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கை அடித்தால் நாளடைவில் ஓட்டை பொடிந்து பெரிதாகி, தகடு பூச்சோடு பெயர்ந்து வரும். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் வந்தது, நல்லவேளை கட்டிலில் யாரும் இல்லை. அந்தக் கல்லுக்கென்றே தனி பிளக் விற்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் எர்த். உடம்பு முழுக்க உலோகம், கையால் பிடித்துத் திருப்புகிற விளக்கு, மூட்டுக்குள் ஒயர் உரசி உரசித் தோல் கிழிந்தால் மின்சாரம் நேராகக் கைக்குத்தான் வரும். எர்த் ஒயரை விட்டுவிட்டு இரண்டு ஒயரை மட்டும் இழுத்து மாட்டிவிட்டுப் போகும் எலெக்ட்ரீஷியனை விடாதீர்கள். வாங்கும்போது கையை ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள், ஓரிடத்தில் தடுத்து நிற்க வேண்டும், நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே ஒயர் முறுக்கிக்கொள்ளும். ஹோல்டர் பெரும்பாலும் மரை வகைதான், வீட்டில் இருக்கும் பின் வகை பல்பு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில கடைகளில் கை வெறும் அழகுக்கு, அசையவே அசையாது! அதற்கு எதற்கு அந்த விலை?

உங்கள் படத்திலேயே ஒரு குறை. கட்டில் தலைமாட்டுக்கு வெகு உயரத்தில், நட்ட நடுவில் மாட்டியிருக்கிறார்கள். கையை நீட்டினால் சாய்ந்து உட்கார்ந்து படிப்பவர் கண்ணில் பல்பு நேராக அடிக்கும், மடக்கினால் புத்தகத்தில் தலையின் நிழல் விழும். பக்கவாட்டில் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தையொட்டிக் குடையின் கீழ் விளிம்பு வருகிற மாதிரி மாட்டினால்தான் படிக்க உதவும், சுவிட்சும் படுத்தபடி எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை இந்த மாதிரிக் கட்டுரை போட்டால், கையை முழுதாக நீட்டிய நிலையில் ஒரு படமும், சுவர்த் தகட்டை நெருக்கத்தில் காட்டும் இன்னொரு படமும் சேர்த்துப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மடிப்பாக்கம்