தலைப்பில் கோடி, செய்தியில் திமிங்கலம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘திமிங்கல வாந்தி’ என்று சொல்லப்படும் அம்பர்கிரிஸ் பிடிபட்ட செய்திகள் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. கைதானவர்கள் எத்தனை பேர், எடை எத்தனை கிலோ, மதிப்பு எத்தனை கோடி என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அது எந்த உயிரின் உடலில் விளைந்தது என்று ஒரு வரியும் இருப்பதில்லை. கடலே இல்லாத சேலத்திலிருந்து நான் இதை எழுதக் காரணம், சென்ற கோடையில் அந்த உயிரை நேரில் பார்த்துவிட்டு வந்ததுதான்.

நார்வேயில் பணிபுரியும் மகள், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள ஆண்டனெஸ் என்னும் ஊருக்கு என்னை அழைத்துச் சென்றாள். கூர்கூரான பாறை மலைகள் கடலோரத்திலேயே எழுந்து நிற்கும் அந்தக் கரைக்குச் சற்றுத் தொலைவில், ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால், ஸ்பெர்ம் திமிங்கலங்கள் அங்கே இரை தேடி வருகின்றன. படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கினார்கள். டக், டக் என்று சீராக வந்த ஓசையைக் கேட்டதும், எங்கள் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் சுவருக்கு அப்பால் கொலுசுப் பட்டறையில் விழும் சிறு சுத்தியல்தான் நினைவுக்கு வந்தது. கும்மிருட்டில் இரையான கணவாய் மீனைத் தேட, திமிங்கலம் எழுப்பும் ஓசையாம்; ஓசை நின்றால் மேலே வருகிறது என்று பொருள்.

நின்றது. சிறிது நேரத்தில் பெருமூச்சு போன்ற சத்தத்துடன் நீர்த்தூவல் முன்பக்கம் சாய்ந்து எழுந்தது. மூச்சுத்துளை தலையின் இடப்பக்க நுனியில் இருப்பதால் அப்படிச் சாய்கிறது. சுருக்கம் விழுந்த தோலுடன், வெள்ளத்தில் மிதந்து வந்த அடிமரம் போலக் கிடந்து நெடுநேரம் மூச்சு வாங்கியபின், முதுகை வளைத்து, வாலை உயர்த்தி உள்ளே இறங்கியது. வால் விளிம்பில் இருந்த பழைய வெட்டுத் தழும்பு வரை எனக்குத் தெரிந்தது.

அவ்வளவு வடக்கே வருபவை ஆண் திமிங்கலங்களே. பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடல்களில் தங்கிவிடுகின்றன. நம் இந்தியப் பெருங்கடலிலும் அவை வாழ்கின்றன. 1979 ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் இக்கடலைத் திமிங்கலங்களுக்கான சரணாலயமாக அறிவித்துவிட்டது.

அம்பர்கிரிஸைத் ‘திமிங்கல வாந்தி’ என்று எழுதுவதும் பொருத்தமாக இல்லை. செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி, மிகச் சில ஸ்பெர்ம் திமிங்கலங்களின் குடலில் மட்டும் உருவாகும் பொருள் அது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். இதை அறியாதவருக்குக் கொட்டை எழுத்தில் வரும் கோடிக் கணக்கு ஆசையைத்தான் ஊட்டும். தேநீர்க் கடையில் அப்படி ஒரு செய்தியைப் படித்த இளைஞர் ஒருவர், “ஒரு கிலோ கிடைச்சா போதும், செட்டில் ஆகிடலாம்” என்று சொன்னதை நானே கேட்டேன்.

ஆகவே, இனி இத்தகைய செய்திகளில் விலையைத் தலைப்பிலிருந்து நீக்கி, அந்த உயிரின் பெயரையும் சட்டத்தையும் முதல் பத்தியிலேயே தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.