மணிக்கொரு தடவை கதவைத் திறந்த சிஸ்டருக்கு

கர்ப்பத்தில் பிபி ஏறி வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். குட்டிப் பயலும் நன்றாக இருக்கிறான். போன் போட்டு விசாரித்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரியைத் திரும்ப எழுத இன்னும் தெம்பு வரவில்லை.

சிஸ்டர், பதற்றத்தில் உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. தாய்மார்களின் தீவிர சிகிச்சை வார்டு வாசலில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் எட்டிப் பார்த்து, "அம்மா, முப்பத்தஞ்சு" என்றீர்கள். நாங்கள் விழித்தோம். வலிப்பு திரும்ப வராமலிருக்க மெக்னீசியம் மருந்து போகிறது, அது சிறுநீரில்தான் வெளியேறணும், மணிக்கு 30 மில்லி சிறுநீராவது இறங்கணும், மருந்து உடம்பில் தேங்கினால் மூச்சே அடங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அதனால்தான் அவள் மூச்சை எண்ணினீர்கள், முழங்காலைத் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்த்தீர்கள்.

அப்புறம் விடியும்வரை மணிக்கொரு எண். "நாப்பது." "முப்பத்தெட்டு." அம்மா அதையே முணுமுணுத்துக்கொண்டு அடுத்த மணிக்குக் காத்திருப்பார். மூன்று மணிக்கு, "இருபதுதாம்மா. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், மருந்தை நிறுத்திப் பார்க்கிறோம்" என்றீர்கள். மழுப்பவில்லை. நாலு மணிக்கு நீங்கள் "நாப்பத்தஞ்சு" என்றதும் அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

உங்கள் பொறுப்பில் இரண்டே கட்டில். முதலில் நாங்கள் போன இடத்தில் ஒரு நர்ஸ் முழு வார்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை. அங்கே இருந்தபடி அந்த இருபதை யார் கவனித்திருப்பார்கள்? உயிருக்குப் போராடும் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் தனி ஹெச்டியூ (நெருக்கமாகக் கண்காணிக்கும் வார்டு), ஐசியூ அமைக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது எல்லா மாவட்டத்துக்கும் முழுசாக வந்து சேரணும்; கட்டிலோடு உங்களைப் போன்ற ஆளும் சேர்ந்து வரணும்.

108 வண்டித் தம்பிகள், தூங்காத டாக்டர்கள், ரத்தம் கொடுத்த காலேஜ் பையன்கள், மூன்று நாளும் இட்லி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா, உங்கள் எல்லோருக்கும் கும்பிடு.

இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது என்று அவள் சொன்னபோது சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைத்தவள் நான். இனி எந்தக் கர்ப்பிணி தலைவலி, கண் மங்கல் என்றாலும் அன்றைக்கே கூட்டிப்போய் பிபி பார்க்க வைப்பேன்.

வியாழக்கிழமை செக்கப்புக்கு வருகிறோம் சிஸ்டர். உங்களுக்கு எந்த டியூட்டி என்று தெரியாது. பயலைத் தூக்கிக்கொண்டு அதே வாசலில் உட்கார்ந்திருப்போம்.