மூன்று அலுவலகங்களுக்கிடையே கணினிகளைப் பெயரால் திறக்க முடியாமை குறித்த புகார்

அனுப்புநர்:
மேலாளர், ஏலக்காய் வணிக நிறுவனம், போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்.

பொருள்: போடி, குமுளி, வண்டன்மேடு அலுவலகங்களின் வலையமைப்பில் தொடரும் குறைபாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

போடியிலுள்ள தலைமை அலுவலகம், குமுளி கிட்டங்கி, வண்டன்மேடு கொள்முதல் நிலையம் ஆகிய மூன்றையும் விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் தனிப் பாதுகாப்பு இணைப்பு) வழியாக இணைத்துத் தரும் பணியைத் தங்கள் நிறுவனம் செய்தது. ஓரிடத்தில் உள்ள கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் மற்ற இரண்டு இடங்களிலிருந்தும் பெயரைக் கொண்டே திறக்கலாம் என்பது பணி ஆணையில் எழுதப்பட்ட நிபந்தனை. இன்றுவரை அது முழுமையாக நிறைவேறவில்லை.

குமுளியிலிருந்து போடி சர்வரை ஐபி முகவரி எனப்படும் அதன் எண்ணை இட்டுத் திறந்தால் திறக்கிறது. பெயரிட்டால் சில வேளைகளில் திறக்கிறது, பல வேளைகளில் "கண்டறிய முடியவில்லை" என்கிறது. தங்கள் பணியாளர் வரும்போதெல்லாம் பிங் (எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா என்னும் சோதனை) செய்து, பதில் வருவதைக் காட்டி, கோளாறு விண்டோஸில்தான் என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். பிங்குக்குப் பதில் வருவது பாதை இருப்பதற்கு மட்டுமே சான்று. பெயர் சரியான எண்ணாக மாறுகிறதா என்பது வேறு கேள்வி.

ஒரே கட்டடத்துக்குள் கணினிகள் அறிவிப்புச் செய்தி பரப்பி ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. 192.168.10, 192.168.20, 192.168.30 எனத் தாங்களே மூன்றாகப் பிரித்த வலையமைப்பில் அந்த அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது. ஆகவே 'நெட்வொர்க்' சாளரத்தில் மற்ற ஊர்க் கணினிகள் தெரியவில்லை என்று நாங்கள் குறை கூறவில்லை. பெயரைத் தட்டினால் திறக்க வேண்டும். அதற்குத் தேவை, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் ஒழுங்கான அமைப்பு.

போடி சர்வரில் டிஎன்எஸ் நிறுவியிருக்கிறீர்கள். அது சரியாகவே வேலை செய்கிறது. பெயர் திறக்காத நேரத்திலும் என்எஸ்லுக்கப் என்னும் சோதனைக் கட்டளை மூலம் அதனிடம் நேரடியாகக் கேட்டால் சரியான எண்ணைத் தருகிறது. பிழை குமுளி, வண்டன்மேடு ரவுட்டர்களில் இருக்கிறது. அவற்றின் டிஎச்சிபி (கணினிகளுக்கு எண்ணையும் அமைப்புகளையும் தானாக வழங்கும் சேவை), கணினிகளுக்கு முதல் டிஎன்எஸ்ஸாகப் போடி சர்வரையும் இரண்டாவதாகக் கூகுளின் 8.8.8.8 முகவரியையும் வழங்குகிறது. மலைப்பாதையில் மழைக்கு இணைப்பு நொடிப்பொழுது அறுந்தாலும், போடியிலிருந்து பதில் வராததால் விண்டோஸ் இரண்டாவதிடம் போகிறது. எங்கள் உள் அலுவலகப் பெயர்கள் வெளியுலகச் சர்வருக்கு எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று அது சொல்லும் பதிலையே விண்டோஸ் முடிவாக ஏற்றுக்கொள்கிறது; இணைப்பு திரும்பிய பின்னரும் சிறிது நேரம் அதையே பற்றி நிற்கிறது. கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுவதாகத் தங்கள் பணியாளர் கண்டறிந்ததன் பொருள் இவ்வளவுதான்.

இதற்கு மாற்றாக அவர் முன்வைத்த இரண்டு வழிகளும் தவறானவை. முதலாவதாக, போடிக் கணினிகளில், பெயர்களையும் எண்களையும் பட்டியலிடும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், குமுளி எடைக் கணினியின் எண்ணைக் கையால் எழுதிவைத்தார். அந்தக் கணினிக்கோ நிலையான எண் ஒதுக்கவில்லை. மின்தடைக்குப் பின் எண் மாறியது. பெயர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. புற்றடி ஏலக்காய் ஏலத்துக்குப் போக வேண்டிய சரக்கின் எடைப் பட்டியலைக் குமுளிக் கணக்கர் கைப்பேசியில் படமெடுத்து அனுப்ப, இங்கே ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார். சரக்குத் தொகுதிக்கான லாட் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் நட்டம் யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி 1 நெறிமுறையை எல்லாக் கணினிகளிலும் இயக்கச் சொன்னார், நாங்கள் மறுத்துவிட்டோம். 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்டும் அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அதை இயல்பாக நிறுவுவதைக் கைவிடத் தொடங்கியது. கணக்குகள் அனைத்தும் இருக்கும் வலையமைப்புக்கு இப்படியொரு யோசனை பொறுப்புள்ள நிறுவனத்திடமிருந்து வரக் கூடாது.

இரண்டாவது டிஎன்எஸ்ஸை நீக்கினால், போடி இணைப்பு அறுந்தவுடன் குமுளியில் இணையமே நின்றுவிடும் என்று தங்கள் அலுவலகம் பதில் எழுதியிருந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தீர்வும் உண்டு. கணினிகள் தத்தம் ரவுட்டரிடம் மட்டுமே கேட்கட்டும்; எங்கள் உள்பெயர்களுக்கான கேள்விகளை மட்டும் ரவுட்டர் போடிக்கு அனுப்பி, மற்றவற்றை வெளியே அனுப்பட்டும். அத்துடன் எடைக் கணினிக்கும் அச்சுப்பொறிகளுக்கும் டிஎச்சிபியில் நிலையான எண் ஒதுக்கி, ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியவற்றை அழிக்க வேண்டும். விண்டோஸின் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் கோப்புப் பகிர்வை உள்ளூர் வலையமைப்புக்கு மட்டும் அனுமதித்திருக்கும் கணினிகளில், மற்ற இரண்டு வலையமைப்புகளையும் 445ஆம் போர்ட்டுக்குச் சேர்க்க வேண்டும்.

இப்பணிகளை, விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு, கூடுதல் கட்டணமின்றிச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பணி முடிந்ததும் விபிஎன் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து மீண்டும் இணைத்து, கணினிகளை அணைக்காமலேயே பெயர்கள் திறப்பதை எங்கள் முன்னிலையில் காட்ட வேண்டும். அதுவரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவைக்கிறோம். இக்கடிதத்துக்கான பதிலை எழுத்து வடிவில் அனுப்பவும். தொலைபேசியில் தரும் உறுதிமொழிகளை இனி ஏற்பதற்கில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலாளர்.