இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு

பாட்டுச் செயலிகளில் பழைய ஆங்கிலப் பாடல்களுக்குப் பட்டியல் போடுகிறவர்களுக்கும், பண்பலையில் 'கோல்டன் ஹிட்ஸ்' நேரம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

2024 பிப்ரவரியில் கிராமி இசை விருது விழா மேடையில் கனடாப் பாடகி ஜோனி மிட்செல் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்தபடி 'போத் சைட்ஸ் நவ்' பாடினார். வயது 80. அந்த மேடையில் அவர் பாடியது அதுதான் முதல் முறை. அந்தக் காணொளியை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் சொன்னாள்: "ஜூடி காலின்ஸ் பாட்டை இந்தப் பாட்டி எவ்வளவு நல்லாப் பாடுறாங்கப்பா!"

முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம். கோபம் அவள்மேல் இல்லை. அவள் அந்தப் பாட்டைக் கேட்டுப் பழகியது உங்களில் ஒருவர் போட்ட பட்டியலில். அதில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும்தான் இருக்கும். எழுதியவர் யாரென்று பார்க்க மூன்று புள்ளியைத் தொட்டு, கீழே தள்ளி, இன்னொரு இடத்தையும் தொட வேண்டும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவள் அதையெல்லாம் செய்வாளா?

பாட்டு ஜோனியுடையது. விமானத்தில் சால் பெல்லோவின் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டு போனவர், ஜன்னல் வழியே கீழே மேகங்களைப் பார்த்து எழுதியது. பிறகு ஒரு நள்ளிரவில் அல் கூப்பர் என்ற இசைக்கலைஞர் அமெரிக்கப் பாடகி ஜூடி காலின்ஸுக்கு போன் போட்டு, 'இந்தப் பெண்ணின் பாட்டைக் கேளுங்கள்' என்று ஜோனியைப் பாட வைத்தார். ஜூடி 1967இல் அதை இசைத்தட்டில் பாடினார். ஜோனியின் சொந்த இசைத்தட்டில் அது வந்தது 1969இல்தான். இது பலருக்கும் தெரிந்த கதை. ஜோனிக்காகப் பேச உலகத்தில் ஆள் நிறைய இருக்கிறது, நான் வேறு எதற்கு?

நான் எழுதுவது ஜூடிக்காக. அந்த ஒரு பாட்டு அவரைத் தூக்கிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். அதே பாட்டு எதை மூடிவிட்டது என்று யாரும் கேட்பதில்லை.

'வைல்ட்ஃபிளவர்ஸ்' என்ற அந்த இசைத்தட்டு எலெக்ட்ரா நிறுவன வெளியீடு. ஜூடிக்கு அது ஏழாவது. 1961இலிருந்து நாட்டுப்புறப் பாடல்களையும் பிறர் எழுதியவற்றையும் பாடிக்கொண்டிருந்தவர். லியனார்ட் கோஹன் என்ற கனடாக் கவிஞரை ஊர் உலகத்துக்குத் தெரியாத காலத்திலேயே, 1966இல், அவருடைய 'சுசான்' பாட்டைப் பாடி வெளியே கொண்டுவந்தவரும் ஜூடிதான். அந்தக் கோஹன்தான் திருப்பிக் கேட்டார்: நீங்கள் ஏன் சொந்தமாக எழுதுவதில்லை? அப்படி எழுத ஆரம்பித்தவர் முதல் தடவையாகத் தன் பாட்டுகளைத் துணிந்து வைத்தது இந்தத் தட்டில். மொத்தம் 10 பாட்டு. கோஹனுடையவை 3, ஜோனியுடையவை 2, பெல்ஜியக்காரர் ஜாக் பிரெலின் பிரெஞ்சுப் பாட்டு 1, பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியர் பிரான்செஸ்கோ லாந்தினியின் பாட்டு 1. மிச்சம் 3 ஜூடியின் சொந்தச் சரக்கு: 'சின்ஸ் யூ ஆஸ்க்ட்', 'ஸ்கை ஃபெல்', 'ஆல்பட்ராஸ்'.

(லாந்தினி சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர். ஜூடியின் அப்பாவும் பார்வையற்றவர், வானொலியில் பாடிப் பேசிப் பிழைத்தவர். மகள் தெரிந்துதான் அந்தப் பாட்டை எடுத்தாரா என்று எனக்கு ஒரு நப்பாசை உண்டு.)

'ஆல்பட்ராஸ்' இரண்டாம் பக்கத்தில் நான்காவது. ஒரு பெண் வாசல் கதவருகே வந்து நிற்கிறாள். லாவண்டர் நிறமும் தோலுமாக உடுப்பு. வடக்கே கடலைப் பார்க்கிறாள், வானிலை நன்றாக இருக்கிறது. ஊர்க் கோயில் மணி பழத்தோட்டத்தைத் தாண்டி அவள் காதுக்கு வருகிறது. கடற்பறவைகள் அலைக்குள் புகுந்து புகுந்து வானத்தின் ஓரத்தைத் தைக்கின்றன. ஊசி நூல் எடுத்துத் தைத்த கைக்குத்தான் அந்த உவமை வரும் என்று என் மனைவி சொன்னாள். ஜோஷ்வா ரிஃப்கின் என்ற 23 வயதுக்காரர் அமைத்த வாத்திய இசை அந்த வரிகளை மெல்ல ஏந்திக்கொண்டு போகிறது. கிட்டார் ஒன்றை மடியில் வைத்துப் பாடும் ஃபோக் பாடகி என்ற பழைய படத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முதல் தடவை எழுதுகிற ஒருவர் எழுதியதா இது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

'சின்ஸ் யூ ஆஸ்க்ட்' அதற்கு நேர் எதிர், சிறியது. நீ கேட்டாய் என்பதால் தருகிறேன் என்று ஆரம்பித்து, தன் நேரத்தையே எடுத்துக் கொடுக்கிற பாட்டு. அவ்வளவுதான். விளக்கினால் கெட்டுப்போகும். 'ஸ்கை ஃபெல்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தட்டு 1967 அக்டோபரில் வந்தது. ஒரு வருஷம் அது பத்துப் பாட்டுள்ள தட்டாகவே இருந்தது. 1968 இலையுதிர்காலத்தில் 'போத் சைட்ஸ் நவ்'வை மட்டும் தனித்தட்டாக, ஒலிக்கலவையை மாற்றி வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் 8ஆம் இடம். அதைப் பிடித்துக்கொண்டு முழுத் தட்டும் 5ஆம் இடத்துக்கு ஏறியது. ஃபோக் பாட்டைச் சிறப்பாகப் பாடியதற்கான கிராமியும் வந்தது. அன்றிலிருந்து 'வைல்ட்ஃபிளவர்ஸ்' என்றால் அந்த ஒரு பாட்டு, மற்ற 9 பாட்டும் அதற்கு உறை.

நியாயமாகப் பேசினால், அந்தப் பாட்டு இல்லாவிட்டால் தட்டை இத்தனை பேர் வாங்கியிருக்க மாட்டார்கள். நானே அதைத் தேடிப் போய்த்தான் மற்றதைக் கேட்டேன். வாசற்படியைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அந்தக் காலத்தில் தட்டு வாங்கியவர் ஊசியை வைத்தால் அடுத்த பாட்டும் தானாக ஓடும், உறையைத் திருப்பினால் யார் எழுதியது என்று அச்சில் இருக்கும். உங்கள் பட்டியல் ஒரு பாட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து வைக்கிறது. அதிகம் கேட்கப்பட்டது மேலே வரும், மேலே இருப்பதே மறுபடி கேட்கப்படும். 'ஆல்பட்ராஸ்' இந்தச் செக்கில் எந்த ஜென்மத்தில் மேலே வரும்?

எங்கள் தலைமுறையில் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டைப் போடுவதற்கு முன்னால் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாரையும் சொல்லுவார்கள். வாலி எது கண்ணதாசன் எது என்று படிக்காத ஆட்கள்கூடப் பிரித்துச் சொன்னது அப்படித்தான். சில விநாடி வேலை.

ஜூடி எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் 'சென்ட் இன் தி க்ளௌன்ஸ்', 'அமேசிங் கிரேஸ்' என்று அவர் பெயர் சொல்லும் பாட்டெல்லாம் பிறர் எழுதியதாகவே அமைந்துவிட்டது. தன் பாட்டுகளை மட்டுமே கொண்ட முதல் தட்டு, 'ஸ்பெல்பவுண்ட்', 2022இல் வந்தது. அப்போது அவருக்கு 82 வயது. 'ஆல்பட்ராஸ்' பாடியதற்கும் இதற்கும் நடுவில் 55 வருஷம். இவ்வளவு தாமதத்துக்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். கேட்கிறவர்கள் அவரிடம் எதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம் என்பதில் நம் எல்லாருக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. பண்பலை நண்பர்கள், 'ஜூடி காலின்ஸ் பாட்டு' என்று சொல்லும் இடத்தில் 'ஜோனி மிட்செல் எழுதி ஜூடி காலின்ஸ் பாடியது' என்று சொல்லுங்கள். பட்டியல் போடுகிறவர்கள், எழுதியவர் பெயரை முகப்பிலேயே காட்டச் சொல்லி உங்கள் மென்பொருள்காரர்களிடம் பேசுங்கள். அது நடக்க நாளாகும். அதுவரைக்கும் 'போத் சைட்ஸ் நவ்' இருக்கும் பட்டியலில் அதற்கு அடுத்த இடத்தில் 'ஆல்பட்ராஸ்' ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலைத் தினமும் கேட்கிற ஒருவன்