குண்டர் சட்டம்: முதல் 12 நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கலெக்டர் உத்தரவின்பேரில் குண்டர் சட்டத்தில் கைது, கோவை மத்திய சிறையில் அடைப்பு.’ நாளிதழ்களின் நீலகிரிப் பக்கத்தில் மூன்று நான்கு வரிகளில் அடிக்கடி வந்துபோகும் செய்தி இது. சம்பந்தப்பட்ட வீட்டில் அன்றுதான் நாட்கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்கை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பல குடும்பங்களுக்கு ஓராண்டு அப்படியே ஓடிவிடுகிறது.

விசாரணை இல்லாமல் ஆளை அடைத்துவைப்பது பட்டாளத்தின் கை ஓங்கிய இடங்களில்தான் நடக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களுக்கு அங்கே இன்னும் உறவுகள் உண்டு. 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமைச்சரின் உத்தரவில் மும்மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை ஒருவரை வைத்திருக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது; 2022-இல்தான் அது 12 மாதமாகக் குறைந்தது. போர்க்காலத்தில் ராணுவ முகாம்களுக்குள்ளும் ஆட்கள் அடைக்கப்பட்டார்கள்.

நம் நாட்டில், வடகிழக்கில் நடப்பிலுள்ள 1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம்கூட, ராணுவம் பிடித்த ஆளைத் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே அது மீறப்பட்டதாக எழுந்த புகார்கள் கொஞ்சமல்ல. ஆனாலும் சட்டத்தின் எழுத்து அது. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில், அதாவது இனிக் குற்றம் செய்யாமல் தடுக்கவென்று விசாரணையின்றி அடைக்கப்படுபவருக்கோ எழுத்தில்கூட அந்த 24 மணி நேரம் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 22(3) அதை எடுத்துவிடுகிறது. வெலிங்டன் ராணுவ முகாம் வரை போக வேண்டாம், ஊட்டியில் கலெக்டர் போடும் ஒரு கையெழுத்து போதும்.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. பெயர்தான் குண்டர்; சாராயம், போதைப்பொருள், மணல், குடிசைப் பகுதி நில அபகரிப்பு, திருட்டு வீடியோ, 2014 முதல் பாலியல் குற்றம், சைபர் குற்றம் என்று அதன் பட்டியல் நீள்கிறது. வனக் குற்றமும் அதில் உண்டு. காட்டோரத்திலேயே வீடும் பட்டியும் வைத்திருக்கும் கூடலூர், பந்தலூர் மக்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். வனச் சட்டத்தில் ஒரு வழக்கு இருப்பது மட்டும் போதாது, அந்தச் செயலால் பொது ஒழுங்கு கெடுகிறது என்று ஆணையில் காட்ட வேண்டும். பல ஆணைகள் ஆட்டம் காண்பது இந்த இடத்தில்தான்.

ஆணை பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு வழக்கில் கைதாகி ரிமாண்டில் (நீதிமன்றக் காவலில்) இருப்பவர்மீதுதான் வரும். ஜாமீன் கிடைத்துவிடும் என்று தெரியும்போது இன்ஸ்பெக்டர் கோப்பு தயாரிப்பார், எஸ்.பி. வழியாக அது கலெக்டரிடம் போகும். ‘இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் ஜாமீன் தந்திருப்பதால் இவரும் வெளியே வரக்கூடும்’ என்ற வரி ஏறக்குறைய எல்லா ஆணையிலும் இருக்கும். எந்த வழக்கு, எண் என்ன, எந்தத் தேதி என்ற விவரமில்லாமல் இப்படி எழுதுவது செல்லாது என்று ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலைக் கையாளக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இனி நாட்கணக்கு. காவலில் வைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். அதோடு வரும் ஆவணக் கட்டைத்தான் புக்லெட் என்பார்கள். ஆணையிட்டதிலிருந்து 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை தானாகக் காலாவதியாகும். மூன்று வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணமுண்டா என்று பார்க்கும் குழுவான அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் கழகம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். போதிய காரணமில்லை என்று கழகம் சொன்னால் அரசு விடுவித்தே ஆக வேண்டும். இருக்கிறது என்றால் 12 மாதம் வரை காவல் நீளும்.

இதில் முதல் 12 நாட்கள்தான் பொன்னான நாட்கள், வீணாவதும் அவையே. அரசின் ஒப்புதல் வரும்வரை ஆணையைத் தானே ரத்துசெய்யும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு. ஆகவே முதல் மனு கலெக்டருக்கு. அடுத்தது தலைமைச் செயலகத்தில் உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு. மூன்றாவது அறிவுரைக் கழகத்துக்கு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் தரலாம், உறவினர் பெயரில் அஞ்சலிலும் அனுப்பலாம். எப்படிக் கொடுத்தாலும் தேதியுள்ள ரசீது கையில் இருக்க வேண்டும். மனுவைக் கிடப்பில் போட்ட ஒவ்வொரு நாளுக்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும். அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்ற விளக்கத்தைக்கூட ராஜம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ரசீது இல்லாதவர்களால் இந்தத் தாமதத்தை எங்கே போய் நிரூபிக்க முடியும்?

அடுத்தது மொழி. நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை. காரணங்களும் அவற்றுக்கு ஆதாரமான ஆவணங்களும் காவலில் உள்ளவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்தில் இருந்து அதன் தமிழாக்கம் தரப்படாததால் ஓர் ஆணை 1999-இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. இங்கே தமிழாக்கமே பலருக்குப் போதாது. எல்லையோரத்தில் மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வீடுகளில் பேசுவது வேறு மொழி, படிக்கத் தெரியாத பெரியவர்களும் அங்கே உண்டு. அவர்களிடம் நூறு பக்கக் கட்டைக் கொடுத்துக் கைநாட்டு வாங்குவது காரணத்தைத் தெரிவித்ததாகாது. படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியிலேயே வாய்விட்டு விளக்கியிருக்க வேண்டும். சிறையில் முதல் சந்திப்பிலேயே குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி: ‘யார் படித்துக் காட்டினார்கள், எந்த மொழியில்?’

அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தரவில்லை. ஆனால் வழக்கறிஞரல்லாத நண்பரோ உறவினரோ உடனிருந்து உதவலாம் என்று ஏ.கே.ராய் வழக்கில் 1981-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. இதை முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். தெரியாததால் பெரும்பாலோர் தனியாகப் போய் நின்று, இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. குண்டர் சட்டம் போட்டாயிற்றே என்று, முதலில் கைதான மூல வழக்கின் ஜாமீனை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, உயர் நீதிமன்றத்தில் காவலை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவில் ஆணை ரத்தாகும். ஆனால் மூல வழக்கில் ஜாமீன் இல்லாததால் ஆள் வெளியே வர முடியாது. குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளுக்குள் தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், அதற்கும் மனு போட்டாக வேண்டும். ஆட்கொணர்வு மனு நீலகிரிக்குச் சென்னையில். கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளையில்.

ரவுடிகளுக்குப் பரிந்து பேசுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். குற்றம் செய்தவரை மூல வழக்கில் நிறுத்தி, சாட்சிகளை விசாரித்துத் தண்டனை வாங்கித் தரட்டும். பாதிக்கப்பட்டவருக்கும் அதுதான் நியாயம். தடுப்புக் காவலில் இருப்போர் எண்ணிக்கையில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முன்னணியில் தமிழ்நாடு இருந்திருப்பது நமக்குப் பெருமையா? நெருக்கடி நிலையில் மிசாவின் கொடுமையை அனுபவித்த மாநிலம் இது. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த 44-ஆவது திருத்தம், அறிவுரைக் கழகம் இல்லாமல் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொன்னது. நாடாளுமன்றம் 1978-இல் நிறைவேற்றிய அந்த ஒரு பிரிவை இன்றுவரை எந்த மத்திய அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. நம் எம்.பி. இதை அவையில் கேட்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது சிறிது. காரணங்களை விளக்கும்போது அந்த மொழி தெரிந்த ஒருவர் உடனிருந்து, விளக்கிய மொழியையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறையில் இருப்பவர் யாராயினும், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் எவராயினும், வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறலாம், எண் 15100. அடுத்த முறை அந்த மூன்று வரிச் செய்தியை வெளியிடும்போது நான்காவது வரியாக இந்த எண்ணையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்ட வழக்கறிஞர்கள் சிலர்,
உதகமண்டலம்.