"பாட்டி இப்ப எங்க இருக்காங்க?"

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்த வாரம், நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், செத்துப்போன எங்க பாட்டி இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். வகுப்பாசிரியர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார், பதில் வரவில்லை. அடுத்த பீரியடில் இன்னொருவர் "சாமிகிட்ட" என்றார். மூன்றாமவர் "பாடத்தைக் கவனி" என்றுவிட்டார். கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நாள் முழுக்கப் பேசுகிறோம். இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம், வெள்ளிதோறும் பள்ளி விட்டதும் ஆசிரியர்கள் எல்லாரும் முக்கால் மணி நேரம் உட்காருகிறோம். பிள்ளை கேட்டது, நாங்கள் சொன்னது, அதைக் கேட்டுப் பிள்ளை எப்படி இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுகிறோம். பெயர் எழுதுவதில்லை. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் சொன்னார்: "நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். உனக்கு என்ன தோணுது, வீட்டுல என்ன சொன்னாங்கன்னு கேப்பேன். பேச விட்டாலே பாதி பயம் போயிடும்." 25 ஆண்டாக அவருக்குக் கைவந்த இந்த வழி, பக்கத்து வகுப்புக்குக்கூட வந்து சேரவில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. நம்முடையதைப் போன்ற உதவி பெறும் பள்ளியிலும், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமய வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது. அது சரியான கட்டுப்பாடு. அதற்காக, சாவைக் கண்ட பயத்தையும் வானத்தைப் பார்த்து வருகிற வியப்பையும் பிள்ளை வாசலிலேயே விட்டுவிட்டு வர முடியுமா? ஆன்மிகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வரும் திங்கள் முதல் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். மந்திரம், செபம், துஆ எதையும் நாங்கள் சொல்லித் தர மாட்டோம். மனசுக்குள் வேண்டிக்கொள்வதும், வேப்பமரத்துக் காக்கைகளை எண்ணுவதும் பிள்ளையின் விருப்பம். வேண்டாம் என்றால் டைரியில் ஒரு வரி எழுதுங்கள். காரணம் கேட்க மாட்டோம், அந்த நேரம் பிள்ளை நூலகத்தில் இருக்கலாம்.

இன்னொரு உதவியும் வேண்டும். இப்படிப்பட்ட கேள்விக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா தந்துவிட்டார். "பாட்டி நட்ட முருங்கைக்கு அவளைத் தண்ணி ஊத்தச் சொல்லியிருக்கேன்" என்று எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு அதை நோட்டில் ஒட்டியிருக்கிறோம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்